"என் கேரக்டர் சரியில்லை, அம்மா!" செல்போன் விளையாட்டின் தரப்பட்டியலுக்கு என்ன மதிப்பு?

அஞ்செட்டியில் ஒரு வீடு. மாலை நேரம். தாயார் களி கிண்ட அடுப்பில் தண்ணீர் வைத்திருக்கிறார். மகன் திண்ணையில் செல்போனும் கையுமாக உட்கார்ந்திருக்கிறான். திடீரென்று ஒரு சத்தம்.

"அம்மா! என் கேரக்டர் சரியில்லை!"

தாயாருக்குத் தூக்கிவாரிப் போடுகிறது.

"என்னடா கண்ணு சொல்றே? உன்னை யாருடா அப்படிச் சொன்னது?"

"என்னை இல்லேம்மா! விளையாட்டுல என் ஆளைச் சொல்றாங்க. அவன் கடைசி வரிசையாம். முதல் வரிசை ஆளு இருந்தாத்தான் என்னைச் சேர்த்துக்குவாங்களாம். ஐந்நூறு ரூபா குடும்மா!"

ஐந்நூறு ரூபாய்! ஓசூர் தொழிற்பேட்டைக்குப் பஸ் ஏறிப் போய், இரவு வேலை பார்த்துத் திரும்பும் தகப்பனாரின் உழைப்பு அது. இல்லாத ஓர் ஆளுக்கு அதைக் கொடுப்பதா? கொடுக்காவிட்டால் பையனைச் சிநேகிதர்கள் ஒதுக்கிவிடுவார்களா?

தாயார் திகைக்கிறார். இந்தத் திகைப்பு அஞ்செட்டிக்கு மட்டும் சொந்தம் அல்ல. தேன்கனிக்கோட்டையிலும் ஓசூரிலும் சென்னையிலும், செல்போன் உள்ள எந்த வீட்டிலும் வரக்கூடியதுதான்.

பையன் சொல்லும் 'வரிசை' என்பது என்ன? அதை யார் போடுகிறார்கள்? அதற்கு மதிப்பு உண்டா?

கோஷ்டி விளையாட்டு

இன்றைய வாலிபர்கள் செல்போனிலும் கம்ப்யூட்டரிலும் கோஷ்டி சேர்ந்து ஆடுகிறார்கள். 'டோட்டா 2', 'லீக் ஆப் லெஜண்ட்ஸ்', 'வேலரண்ட்' ஆகியவற்றில் ஒரு பக்கத்துக்கு 5 பேர். 'ஃப்ரீ ஃபயர்' விளையாட்டில் ஒரு கோஷ்டிக்கு 4 பேர்.

ஆடுகிற ஒவ்வொருவரும் ஒரு பாத்திரத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நாடகத்தில் வேஷம் கட்டுவது போல! இதைத்தான் பையன்கள் 'கேரக்டர்' என்கிறார்கள்.

எல்லாப் பாத்திரத்துக்கும் ஒரே சக்தி இல்லை. ஒருவன் வேகமாக ஓடுவான். ஒருவன் அடி தாங்குவான். ஒருவன் காயம் ஆற்றுவான். டோட்டா 2 விளையாட்டில் மட்டும் 120-க்கும் அதிகமான பாத்திரங்கள் இருக்கின்றன.

இத்தனை பேரில் யார் கெட்டிக்காரன்? இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லப் பிறந்ததுதான் தரப்பட்டியல்.

எஸ், ஏ, பி, சி!

தரப்பட்டியலை வாலிபர்கள் 'டியர் லிஸ்ட்' என்பார்கள். கடிதத்தில் 'அன்பே' என்று எழுதும் 'டியர்' அல்ல இது! அடுக்கு என்று அர்த்தம்.

பரீட்சை மார்க் போல இதில் ஏ, பி, சி, டி என்று அடுக்குகள் உண்டு. 'ஏ'-க்கும் மேலே ஒன்று இருக்கிறது. அதுதான் 'எஸ்'. இது ஜப்பானிய விளையாட்டுகளில் இருந்து பரவிய வழக்கம். 'எஸ்' அடுக்கில் இருக்கும் பாத்திரம் ராஜா. 'டி' அடுக்கில் இருப்பவனை யாரும் சீந்துவது இல்லை.

இங்கே ஒரு குழப்பம் வரக்கூடும். வெண்கலம், வெள்ளி, தங்கம், வைரம் என்றும் பையன்கள் பேசுவார்கள். அது வேறு. ஆடுகிறவனின் வெற்றி தோல்வியைப் பார்த்து விளையாட்டே கொடுக்கும் பதவி அது. பையனுடைய திறமைக்கு மார்க் அது. தரப்பட்டியலோ, அவன் கட்டும் வேஷத்துக்கு மற்றவர்கள் போடும் மார்க்!

யார் போடுகிறார்கள்?

பெரும்பாலும் பட்டியலைப் போடுவது கம்பெனி அல்ல. நன்றாக ஆடத் தெரிந்தவர்களும், விளையாட்டைப் பற்றி வீடியோ போடுகிறவர்களும்தான் போடுகிறார்கள்.

அவர்கள் 3 கணக்குகளைப் பார்ப்பார்கள். இந்தப் பாத்திரம் 100 ஆட்டத்தில் எத்தனை ஜெயித்தது? எத்தனை பேர் இதை விரும்பி எடுக்கிறார்கள்? எதிரிக்குக் கிடைக்கக் கூடாது என்று எத்தனை முறை தடுக்கிறார்கள்? (சில விளையாட்டுகளில், ஆட்டம் தொடங்கும் முன் சில பாத்திரங்களை இரு பக்கமும் எடுக்க விடாமல் தடுக்கலாம்.)

கணக்கைப் பார்த்த பிறகு, தங்கள் அபிப்பிராயத்தையும் சேர்த்து வரிசை போடுகிறார்கள்.

100-க்கு 50 வெற்றி என்றால் நடுத்தரம். 53, 54 என்றால் பலசாலி. மேல் அடுக்குக்கும் கீழ் அடுக்குக்கும் உள்ள வித்தியாசம் பல சமயம் 100 ஆட்டத்தில் 10 கூட இராது! ஆனால் பட்டியலில் பார்க்கும்போது மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம் போலத் தெரியும்.

இன்று ராஜா, நாளை கூஜா!

தரப்பட்டியல் கல்வெட்டு அல்ல. அடிக்கடி மாறும். காரணம், கடிவாளம் கம்பெனியின் கையில் இருக்கிறது.

ஒரு பாத்திரம் மிஞ்சிப் போனால் எல்லோரும் அதையே எடுப்பார்கள். ஆட்டம் சலித்துப் போகும். ஆகையால் கம்பெனி அதன் சக்தியைக் குறைக்கும். தூங்கிக் கிடக்கும் பாத்திரத்துக்குச் சக்தியைக் கூட்டும். இது வேண்டும் என்றே செய்யும் வேலை.

'ஃப்ரீ ஃபயர்' விளையாட்டில் 'க்ரோனோ' என்று ஒரு பாத்திரம். கால்பந்து வீரர் கிறிஸ்டியானோ ரொனால்டோவை மாதிரியாக வைத்து 2020 டிசம்பரில் கொண்டுவந்தார்கள். குண்டு துளைக்காத கூடாரம் போட்டு, அதற்குள் நிற்கும் சக்தி அவனுக்கு. வந்த உடனே முதல் அடுக்கில் ஏறினான். 'வைரம்' என்ற விளையாட்டுக் காசைக் கொடுத்து அவனை வாங்கினார்கள். அந்த வைரத்தை வாங்க நிஜப் பணம் வேண்டும்!

நடந்தது என்ன? 2021-ல் கம்பெனி அவன் சக்தியை ஒரு முறை அல்ல, பல முறை குறைத்தது. கூடாரம் நிற்கும் நேரம் சுருங்கியது. மறுபடி போடக் காத்திருக்கும் நேரம் நீண்டது. ராஜா சாதாரண ஆள் ஆகிவிட்டான். கொடுத்த பணம் திரும்பவில்லை.

உலகம் வியந்த 'ஐயோ'!

வரிசையை நம்பாமல் ஆடி உலகப் பரிசு வாங்கியவர்களும் உண்டு.

டோட்டா 2 விளையாட்டில் ஒரு பாத்திரத்தின் பெயர் 'ஐஓ'. தமிழ்க் காதில் 'ஐயோ' என்றே விழும்! அது ஓர் ஒளிப்பந்து. தோழனோடு ஒரு கயிறு போலத் தன்னைப் பிணைத்துக்கொண்டு, அவனுக்கு உயிர் ஊட்டும். துணைக்கு நிற்பதுதான் அதன் வேலை. முன்னால் நின்று அடிக்கும் வீரன் என்று பெரும்பாலோர் அதை நினைத்தது இல்லை. புதிதாக ஆடுகிறவர்கள் கையில் எடுத்தால் பெரும்பாலும் தோல்விதான்.

2019 ஆகஸ்டு மாதம் சீனாவின் ஷாங்காய் நகரில் டோட்டா 2 உலகப் போட்டி நடந்தது. மொத்தப் பரிசு 3 கோடியே 40 லட்சம் டாலருக்கும் மேல்! அங்கே 'ஓஜி' என்ற கோஷ்டி ஒரு காரியம் செய்தது. துணைப் பாத்திரமான 'ஐஓ'வை முன்னணி வீரனாக இறக்கியது! அதை ஆடியவர் ஆஸ்திரேலிய வாலிபர் அனதன் பாம்.

எதிரிகள் திணறினார்கள். இறுதி ஆட்டத்தில் 'டீம் லிக்விட்' கோஷ்டியை 3-1 என்று ஓஜி தோற்கடித்தது. 2018-ல் வாங்கிய பட்டத்தை மறுபடியும் வாங்கியது. அந்தப் பட்டத்தை 2 முறை வென்ற முதல் கோஷ்டி அதுதான்.

'ஐஓ' மட்டும்தான் காரணமா? இல்லை. பக்கத்தில் நின்ற 4 பேரும் அதற்குத் தகுந்தபடி ஆடினார்கள். அதுதான் ரகசியம்.

ஆடும் புலியும்

இந்த ரகசியம் நம்மவர்களுக்குப் புதிது அல்ல.

கோவில் மண்டபத் தரையிலும் திண்ணைக் கல்லிலும் கோடு கிழித்து ஆடும் ஆடுபுலி ஆட்டத்தை நினைத்துப் பாருங்கள். வழக்கமாக 3 புலி, 15 ஆடு. புலி தாவி ஆட்டை வெட்டும். ஆட்டுக்கு வெட்டும் சக்தியே கிடையாது.

இதற்குத் தரப்பட்டியல் போட்டால் என்ன ஆகும்? புலிக்கு 'எஸ்', ஆட்டுக்கு 'டி'!

ஆனால் ஆடுகள் ஒன்றை ஒன்று விட்டுப் பிரியாமல் நின்றால், புலி அசைய வழி இல்லாமல் அடைபட்டுப் போகும். தனி ஆட்டின் சக்தியை வைத்து இதைச் சொல்ல முடியுமா? எங்கே நிற்கிறது, பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்பதை வைத்துத்தான் சொல்ல முடியும்.

சடுகுடுவும் அப்படியே. பாடிப் போகிறவனுக்குத்தான் கைத்தட்டல். அதற்காக 7 பேரும் பாடிப் போகிறவர்களாக இருந்தால், வருகிறவனைப் பிடிப்பது யார்?

தரப்பட்டியல் தனி ஆளை அளக்கிறது. ஆட்டமோ கோஷ்டி ஆட்டம். பட்டியலின் பெரிய குறை இதுதான்.

அப்படியானால் பட்டியலே பொய்யா? பொய் அல்ல. பெரிய போட்டிகளில் ஆடுகிறவர்களுக்கு அது உதவும். எதிரி எதை எடுப்பான் என்று ஊகிக்கலாம். ஆனால் அவர்கள் தினமும் பல மணி நேரம் ஒரே கோஷ்டியாகப் பழகுகிறவர்கள். வெற்றிக்கும் தோல்விக்கும் நடுவே ஒரு நூல் இடைவெளி இருக்கும்போது, அந்தச் சிறு வித்தியாசம் முக்கியம். திண்ணையில் ஆடும் பையனின் தோல்விக்குக் காரணம் வேறாக இருக்கும். பழக்கம் போதாது. கோஷ்டியில் பேச்சு ஒற்றுமை இல்லை. மலையூர் என்றால், சிக்னல் கிடைக்கவில்லை!

சட்டம் என்ன சொல்கிறது?

இது வெறும் பொழுதுபோக்கு என்று தள்ளிவிடவும் முடியாது. 2022-ல் இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் நடந்த காமன்வெல்த் மின் விளையாட்டுப் போட்டியில், டோட்டா 2 ஆடிய இந்தியக் கோஷ்டி வெண்கலம் வாங்கியது. 2023-ல் சீனாவின் ஹாங்சோ நகரில் நடந்த ஆசிய விளையாட்டில் இந்த ஆட்டங்களுக்குப் பதக்கமே கொடுத்தார்கள்.

2025 ஆகஸ்டில் பாராளுமன்றம் இணைய விளையாட்டுச் சட்டத்தை நிறைவேற்றியது. 22-ந் தேதி ஜனாதிபதி ஒப்புதல் அளித்தார். பணம் கட்டிப் பணம் எடுக்கும் சூதாட்ட வகை ஆட்டங்களை அது தடுக்கிறது. திறமைப் போட்டியாக நடக்கும் மின் விளையாட்டை அது அங்கீகரிக்கிறது.

ஆனால் பாத்திரத்தை விலைக்கு வாங்குவது பந்தயம் அல்ல. அது கடையில் பொம்மை வாங்குவது போல. ஆகையால் அந்தச் செலவுக்கு வேலி போட வேண்டியது வீடுதான்.

வாங்கிய பொம்மையும் நிலையாக நிற்கும் என்று சொல்ல முடியாது. 2020 ஜூன் 29-ந் தேதி மத்திய சர்க்கார் 59 சீனச் செயலிகளைத் தடை செய்தது. 'மொபைல் லெஜண்ட்ஸ்' என்ற கோஷ்டி விளையாட்டும் அதில் ஒன்று. அதில் காசு கொடுத்து வாங்கி வைத்த முதல் அடுக்கு வீரர்களும், ஒரே உத்தரவில் விளையாட்டோடு போனார்கள்!

பெற்றோர் என்ன செய்யலாம்?

கோபிப்பதால் பயன் இல்லை. 3 கேள்விகள் கேட்டால் போதும்.

"இந்தப் பட்டியலை யார் போட்டது? எந்தத் தேதியில் போட்டது?" பழைய பட்டியல் பழைய பஞ்சாங்கம்!

"அந்த ஆளை ஆடியே சம்பாதிக்க முடியாதா?" டோட்டா 2-ல் எல்லாப் பாத்திரமும் இலவசம். வேறு பல விளையாட்டுகளிலும் பொறுமையாக ஆடினால், காசு இல்லாமலே பாத்திரங்கள் கிடைக்கும்.

"உங்கள் கோஷ்டியில் காயம் ஆற்றுகிறவன் யார்? காவல் நிற்கிறவன் யார்?" இதற்குப் பதில் இல்லை என்றால், 5 ராஜாக்களை வாங்கினாலும் தோல்விதான்.

பையன்களும் ஒன்றை யோசிக்க வேண்டும். 'கடைசி வரிசை' என்று பேர் வாங்கியது பொம்மைதான். அதை எடுத்தவனை ஏசுவதும், கோஷ்டியை விட்டுத் தள்ளுவதும் என்ன நியாயம்? பொம்மைக்குப் போட்ட மார்க்கைச் சிநேகிதன் நெற்றியில் ஒட்டலாமா?

அஞ்செட்டித் தாயார் களியைக் கிண்டி இறக்கிவிட்டார்.

"ஏன்டா கண்ணு, அந்தக் கடைசி வரிசை ஆளு என்னதான் செய்வான்?"

"அடிபட்டவங்களைக் காப்பாத்துவான்ம்மா. அவ்வளவுதான்."

"அவ்வளவுதானா! அவன் இல்லாட்டி உங்க முதல் வரிசை ஆளுங்க எத்தனை நேரம் நிப்பாங்க?"

பையன் பதில் சொல்லவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தான்.