லைனில் நிற்கிறவர்தான் முதலாளியா?

‘உடையவன் பாராப் பயிர் உருப்படுமா’ என்று காட்டில் பேசிய பழமொழி, காட்டை விட்டுப் பனியன் கம்பெனிக்கு வந்தவர்களோடு திருப்பூருக்கும் வந்துவிட்டது. விடியும் முன்பே வந்து ஷட்டரைத் தூக்கி, கடைசி ஆள் போனபிறகு பூட்டுகிறவர்தான் இங்கே நல்ல முதலாளி. மத்தியானம் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டு வருகிறவருக்குத் தொழிலில் அக்கறை இல்லை என்று டீக்கடையிலேயே தீர்ப்பாகிவிடும். இந்த நம்பிக்கை தப்பு. சின்ன கம்பெனிக்காரர்களை மெதுவாகத் தின்கிற தப்பு.

சொந்தமாகத் துணி எடுத்து, உள்நாட்டு வியாபாரத்துக்கு டி-ஷர்ட் தைக்கிற இருபது மிஷின் கம்பெனி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். பாடி துணி கட்டிங் முடிந்து அடுக்கியிருக்கிறது. கழுத்துக்கு வைக்கும் ரிப் மட்டும் சாயப்பட்டறையிலிருந்து ஒரு ஷேடு தள்ளி வந்திருக்கிறது. கழுத்து ஏறாமல் அடுத்த வேலை நகராது. பீஸ் ரேட்டுக்குத் தைக்கும் டெய்லர் போனை நோண்ட ஆரம்பித்துவிட்டார். முதலாளி வண்டியை எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போய் ஆபீஸ் வாசலில் நிற்கிறார். அவர் நின்றால் சாயம் சீக்கிரம் ஏறுமா? பாடியையும் ரிப்பையும் ஒரே லாட்டில் போடச் சொல்லி, துண்டு வாங்கி, பகல் வெளிச்சத்தில் ஷேடு பார்த்திருக்க வேண்டியது போன வாரம். போன வாரம் அவருக்கு நேரமில்லை, லைனில் நின்றுகொண்டிருந்தார்.

நிட்டிங், சாயம், காம்பாக்டிங், பிரிண்டிங், காஜா பட்டன் என்று இந்த ஊரில் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு தனி வாசல். அதுதான் ஊரின் பலம். நேரம் தொலைவதும் அந்த வாசல்களுக்கு நடுவில்தான். நொய்யல் ஆறு மாசுபட்ட வழக்கில் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் 700-க்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது, தையல் லைனில் எத்தனை மணி நேரம் நின்றவருக்கும் அதனால் துணி வந்துவிடவில்லை.

‘உழைப்பாலேயே மேலே வந்தோம்’ என்பார்கள் இந்த ஊர் முதலாளிகள். திருப்பூரை ஆராய்ந்து ஷரத் சாரி 2004-ல் வெளியிட்ட ‘ஃப்ரட்டர்னல் கேப்பிட்டல்’ நூலின் மையமே இந்தப் பேச்சுதான். உழைத்தார்கள், மறுக்கவில்லை. ஆனால் கூட்டுச் சேர்ந்த பங்காளிகள், உறவில் புரண்ட பணம், ராத்திரி உட்கார்ந்து கணக்கெழுதிய மனைவி எல்லாம் அந்தப் பேச்சில் காணாமல் போய்விடுகிறார்கள். அதே அளவு உழைத்த டெய்லர்கள் எத்தனையோ பேர் இன்றும் டெய்லர்கள்தானே?

பெரிய நேரத் திருட்டு வசூலில் இருக்கிறது. சனிக்கிழமை சம்பளம் போட வேண்டும், அதற்காக வாரம் முழுக்க வியாபாரிக்கு போன். 2006-ன் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் பணத்தைப் பிடித்து வைக்க முடியாது. ஒப்பந்தமே இல்லையென்றால் 15 நாள். தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு, மாதாமாதம் கூட்டு வட்டி. குறு, சிறு நிறுவனங்களுக்குக் கெடுவுக்குள் தராத தொகையை, தரும்வரை செலவாகக் காட்டவும் வருமான வரிச் சட்டம் 2024 ஏப்ரலிலிருந்து விடுவதில்லை. கேட்டால் அடுத்த ஆர்டர் வராது என்பார்கள். பயம் நியாயமானதுதான். குறு, சிறு நிறுவனப் பதிவான உத்யம் நம்பரையும் கெடு தேதியையும் பில்லில் அச்சடிக்கக்கூட என்ன பயம்? மார்ச் மாதம் உங்களுக்காக அவர்களுடைய ஆடிட்டரே கேட்பார்.

இன்னொன்று. முதலாளி நிற்கும் பன்னிரண்டு மணி நேரம் தொழிலாளிக்கும் அளவுகோலாகிவிடுகிறது. ‘நானே நிக்கறேன், உனக்கென்ன?’ ஒன்றரை ஷிப்ட் என்பது இங்கே சாதாரணப் பேச்சு. தொழிற்சாலைச் சட்டமோ 1948-லேயே நாளுக்கு 9 மணி, வாரத்துக்கு 48 மணி என்று வரம்பு கட்டியது.

லைனுக்கு சூப்பர்வைசர் போட்டிருக்கிறீர்கள் அல்லவா? பீஸுக்கு ஓகே சொல்லும் அதிகாரத்தையும் அவருக்கே கொடுங்கள். காலையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து, எந்த லாட் எந்தப் பட்டறையில் கிடக்கிறது, யார் பில்லுக்கு எத்தனை நாள் ஆனது என்று நோட்டில் எழுதிப் பாருங்கள். மத்தியானம் வீட்டுக்குப் போய்ச் சாப்பிடுங்கள்.