பாட்டன் தேடும் வழக்கு: ஹெவி மெட்டல் எங்கே தொடங்குகிறது?

எழுபதுகளின் தொடக்கத்தில் வெளிவந்த ஹார்ட் ராக் ஆல்பங்களுள் எவை ஹெவி மெட்டல், எவை அல்ல என்னும் வழக்கு, இடப்பள்ளியில் நான் பழகும் ஆய்வு மாணவர் வட்டத்தில் ஓய்வதே இல்லை. பிளாக் சப்பாத்தில் தொடங்கும். லெட் ஸெப்பலினில் சூடேறும். கடைசியில் தவறாமல் கொச்சியின் 13 ஏ.டி. குழுவிடம் வந்து நிற்கும். 1990இல் வெளியான அவர்களுடைய 'கிரவுண்ட் ஸீரோ' கேரளத்தின் முதல் மெட்டல் ஆல்பமா, அல்லது வெறும் ஹார்ட் ராக்கா? அந்த 'வெறும்' என்ற சொல்லின் மீதுதான் எனக்கு வழக்கு.

மொழியியல் படித்தவன் இதில் ஏன் தலையிட வேண்டும் என்று கேட்கலாம். இது பெயரிடல் பற்றிய சிக்கல் என்பதே என் விடை. அக்காலத்தில் என்ன பெயர் வழங்கியது, இசையின் அமைப்பு எத்தகையது, பின்வந்தோர் யாரைத் தம் முன்னோர் என்று ஏற்றனர் என்னும் மூன்று தனித்தனிச் சான்றுகளை நாம் ஒரே மூட்டையாகக் கட்டிக்கொண்டு சண்டையிடுகிறோம்.

முதலில் பெயர். ஸ்டெப்பன்வுல்ஃப் குழுவின் 1968ஆம் ஆண்டுப் பாடல் ஒன்றில் அச்சொற்கள் வருகின்றன. அங்கே அவை மோட்டார் சைக்கிளின் முழக்கத்தைச் சுட்டுகின்றனவே அன்றி ஓர் இசைவகையை அன்று. 1970 நவம்பரில் 'ரோலிங் ஸ்டோன்' இதழில் மைக் சாண்டர்ஸ் எழுதிய மதிப்புரையில் அது இசைக்குரிய அடையாகிறது. ஆனால் வசையாக. வசை வாங்கியவர்கள் ஹம்பிள் பை குழுவினர். அதே சாண்டர்ஸ் 1971இல் 'கிரீம்' இதழில், சர் லார்ட் பால்டிமோர் குழுவின் ஆல்பத்தைப் பற்றி எழுதும்போது அச்சொல்லைப் பாராட்டும் தொனியில் கையாள்கிறார். ஆறு மாதத்தில் வசை வாழ்த்தான கதை சொற்பொருள் மாற்றம் பயில்வோர்க்கு விருந்து. இன்று ஹம்பிள் பையை மெட்டல் என்பார் எவருமிலர். பால்டிமோரை நினைவில் வைத்திருப்போர் சிலரே. மறுபுறம், அவ்வகையின் தூண்கள் என்று நாம் கருதுவோரே அப்பெயரை ஏற்கவில்லை. தாம் வாசிப்பது ராக் அண்ட் ரோல் என்றே மோட்டர்ஹெட் குழுவின் லெம்மி இறுதிவரை சொல்லிக்கொண்டிருந்தார். ஆக, அக்கால வழக்கை மட்டும் நம்பினால் ஹம்பிள் பை உள்ளே, மோட்டர்ஹெட் வெளியே. இந்த முடிவோடு எவரும் வீடு திரும்ப முடியாது.

பின்னாளில் வந்த பெயரை முன்னாளுக்குச் சூட்டுவது குற்றமா? தமிழ் படித்த நாம் அப்படிச் சொல்லத் தகுதியற்றவர்கள். 'சங்க இலக்கியம்' என்று நாம் வழங்குவதைப் பாடிய புலவர் எவரும் அப்பெயரால் அறிந்ததில்லை. இடைக்கால உரையாசிரியர்கள் 'சான்றோர் செய்யுள்' என்றனர். முச்சங்கக் கதையோ இறையனார் அகப்பொருள் உரையில்தான் விரிவாக வருகிறது. ஆயினும் அப்பெயர் பயனுள்ளதாக இருக்கிறது. ஒரு யாப்பு மரபையும் திணை மரபையும் சேர்த்துச் சுட்டுகிறது. பின்னோக்கிப் பெயரிடுவதில் தவறில்லை. எந்த அளவுகோலால் என்பதைச் சொல்லிவிட வேண்டும், அவ்வளவே.

இனி அமைப்பு. உரத்த ஓசையே அளவுகோல் என்போர் ப்ளூ சியரின் 'வின்சிபஸ் இரப்டம்' ஆல்பத்தை (1968) முதலாவதாக நிறுத்துவர். கேட்டுப் பாருங்கள்: ஒலிபெருக்கிகள் கதறுகின்றன, உள்ளே இருப்பது அமெரிக்க ப்ளூஸ், அதுவும் பாதி பிறர் பாடல்கள். உரத்துப் பேசினால் மொழி மாறிவிடாது. லெட் ஸெப்பலினும் எனக்கு அப்படித்தான். கிட்டாரும் முரசும் எவ்வளவு கனத்தாலும் பாட்டின் எலும்பு ப்ளூஸாகவும் நாட்டார் இசையாகவும் இருக்கிறது. டீப் பர்ப்பிளின் 'இன் ராக்' (1970) எல்லைக்கோட்டின் மேல் நிற்கிறது. வேகத்தையும் உச்சக்குரலையும் பின்வந்தோர் அங்கிருந்து எடுத்துக்கொண்டனர். ஆனால் ஜான் லார்டின் ஆர்கனும் கிட்டாரும் மாறிமாறி உரையாடும் அந்த நீள்வாசிப்பு முறையைப் பெரும்பாலோர் எடுக்கவில்லை.

1970 பிப்ரவரி 13 அன்று வெளியான பிளாக் சப்பாத்தின் முதல் ஆல்பத்தில் வேறொன்று நிகழ்கிறது. பர்மிங்காம் தகட்டுத் தொழிற்சாலை ஒன்றில் வலக்கையின் இரு விரல்நுனிகளை இழந்தவர் டோனி அயோமி. இடக்கைப் பழக்கமுள்ளவராதலால், நரம்பை அழுத்தும் கையே ஊனமுற்றது. நெகிழி உறைகளை விரல்களில் மாட்டிக்கொண்டு, மெல்லிய நரம்புகளைக் கட்டி வாசித்தார். 1971இல் வந்த 'மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி'யில் பல பாடல்களுக்குச் சுருதியையே மூன்று அரைச்சுரம் இறக்கினார். நரம்பு தளர்ந்தது, ஒலி கனத்தது. ஓர் உடற்குறையிலிருந்து ஓர் ஒலியனமைப்பு பிறந்ததென்று சொல்லத் தோன்றுகிறது. ஆனால் இந்தக் கதையின் அழகில் மயங்கிவிடக் கூடாது. சுருதி இறங்கும் முன்பே, முதல் ஆல்பத்தின் முதல் பாட்டிலேயே அடிப்படை மாற்றம் வந்துவிட்டது.

அப்பாட்டின் ரிஃப் மூன்று சுரங்களால் ஆனது. கர்நாடக இசை வழக்கில் சொன்னால் ஆதார சட்ஜம், மேல் சட்ஜம், பிரதிமத்தியமம். மேலை நாட்டார் 'சாத்தானின் இடைவெளி' என்று அஞ்சியதாகக் கதை கட்டப்பட்ட அந்த இடைவெளி, நம் மேளகர்த்தா வரிசையில் 37 முதல் 72 வரையுள்ள முப்பத்தாறு இராகங்களிலும் இருக்கிறது. கல்யாணியைக் கேட்டு எந்தச் சாத்தானும் வந்ததில்லை; திருமண மண்டபங்களில் நாகசுரக்காரர் நாள்தோறும் அதை ஊதுகிறார். எனவே, 'பிரதிமத்தியமம் இருந்தால் மெட்டல்' என்னும் உறுப்பிலக்கணம் நில்லாது. கல்யாணியில் அச்சுரம் ஏழனுள் ஒன்று. சப்பாத்தின் அப்பாட்டிலோ சுரவரிசையின் மற்றச் சுரங்கள் பெரிதும் விலக்கப்பட்டு அந்த இடைவெளியே பாட்டின் உடலாகிறது. பாடகர் பாடுவதற்குப் பின்னணி தருவதாக இருந்த ரிஃப் இங்கே எழுவாயாகிறது. குரல் அதற்கு அடையாகிறது. சொற்கள் அப்படியே இருக்கத் தொடரியல் மாறிய இடம் இது.

அதே ஆல்பத்தில் மவுத் ஆர்கனோடு ஒரு ப்ளூஸ் பாட்டும் இருக்கிறது. பிறர் பாடலை எடுத்து நெடுநேரம் வாசித்த பகுதியும் இருக்கிறது. அதாவது, முதல் மெட்டல் ஆல்பம் என்று நான் ஏற்கும் ஆல்பமே முழுதும் மெட்டல் இல்லை. மொழிமாற்றத்தில் பழைய வடிவமும் புதிய வடிவமும் ஒரே வாயில் சில தலைமுறைகள் வாழும். ப்ளூஸின் தடயம் பெரிதும் நீங்கிய தூய வடிவம் வேண்டுமானால் ஜூடாஸ் பிரீஸ்ட்டின் 'ஸ்டெய்ன்ட் கிளாஸ்' (1978) வரை காத்திருக்க வேண்டும்.

கேரளத்தில் வாழ்வோர்க்கு இச்சிக்கல் புதிதன்று. 12ஆம் நூற்றாண்டினது என்று பொதுவாகக் கருதப்படும் 'ராமசரிதம்' தமிழா, மலையாளமா? தமிழ்த் துறையிலும் மலையாளத் துறையிலும் இதற்குக் கிடைக்கும் விடைகள் வேறு. 14ஆம் நூற்றாண்டின் 'லீலாதிலகம்' இதை நிதானமாக அணுகியது. திராவிட எழுத்துகளால் மட்டும் ஆகி, எதுகையும் மோனையும் பெற்று, தனக்கென யாப்பும் உடையது 'பாட்டு' என்று இலக்கணம் வகுத்தது. பாஷையும் சமஸ்கிருத விகுதியேற்ற சொற்களும் கலந்ததை மணிப்பிரவாளம் என்றது. நூல்களுக்குப் பின் வந்த இலக்கணம்தான். ஆனால் அளவுகோல் வெளிப்படையானது. சண்டை மூள்வது எப்போதென்றால், பெயரோடு பெருமை ஒட்டிக்கொள்ளும்போது. மலையாளம் 2013இல் செம்மொழி ஆயிற்று. அத்தகுதிக்குத் தொன்மை ஒரு நிபந்தனை. நிபந்தனை வந்தவுடன் பழைய நூல்கள் சான்றுரைக்க அழைக்கப்படுகின்றன.

'கிரவுண்ட் ஸீரோ'வும் இப்போது அப்படித்தான் அழைக்கப்படுகிறது. திருவனந்தபுரத்தின் கேயாஸ் குழு 2013இல் 'வயலன்ட் ரிடெம்ப்ஷன்' கொண்டுவந்தது. தெய்யத்தின் சாயலோடு மெட்டல் வாசிக்கும் தி டவுன் ட்ராடன்ஸ் குழு 2014இல் தன் முதல் ஆல்பத்தை வெளியிட்டது. நல்ல குழுக்கள். அவற்றுக்கு ஒரு பாட்டனார் வேண்டும் என்று இரசிகர்கள் விரும்புவது இயல்பு. எனக்கு இதில் உடன்பாடில்லை. காரணம் ஓசையின் அளவு மட்டுமன்று.

1970இல் சப்பாத்துக்கு முன் 'மெட்டல்' என்று தெரிவு செய்துகொள்ள ஒரு வகை இல்லை. எதிர்நிலை இல்லாத இடத்தில் பெயருக்கு மதிப்பில்லை என்பது சசூர் படித்த எவர்க்கும் தெரியும். அங்கே பின்னோக்கிப் பெயரிட நமக்கு உரிமை உண்டு. 1990இன் நிலை வேறு. மெட்டாலிகாவின் 'மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்', ஸ்லேயரின் 'ரெய்ன் இன் பிளட்' இரண்டும் வந்து நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. ஹார்ட் ராக், மெட்டல் என்னும் எதிர்நிலை நன்கு நிலைபெற்றுவிட்ட காலம். அக்காலத்தில் ஒரு குழு சேர்ந்திசைக்கத் தக்க பல்லவியும் மெட்டு முன்னிற்கும் கிட்டாரும் கொண்டு சொந்தப் பாடல்களை அமைத்தால், அது ஒரு தெரிவு. 1988இல் 'ராக் அண்ட் ரோல் ரெனிகேட்' வெளியிட்ட மும்பையின் ராக் மெஷினும் ஏறத்தாழ அதே பக்கம் நின்றது. அவர்கள் தெரிந்து பேசிய மொழியை, நம் வம்சாவளிக்கு வசதியான வேறொரு மொழியின் பழைய வடிவம் என்று பதிவு செய்வதற்கு நமக்கு என்ன உரிமை?

இதனால் மறைவது இன்னொன்றும் உண்டு. 13 ஏ.டி. கொச்சியின் ஓட்டல் மேடையில், சீலார்டில், வாசித்து வளர்ந்த குழு. உணவருந்த வந்தோரையும் ஆட வந்தோரையும் ஒருங்கே பிடித்து நிறுத்த வேண்டிய மேடை அது. பிறர் பாடல்களைப் பிசகின்றி வாசிக்கும் திறமும், கேட்போரின் முகம் பார்த்துப் பாட்டு மாற்றும் நுட்பமும் அங்கே பயின்றவை. கோவா இசைஞர்களும் ஆங்கிலோ இந்தியர்களும் இந்திய நகரங்கள் தோறும் வளர்த்த ஓட்டல் இசை மரபோடு அதற்குத் தொடர்பு உண்டு. 'மெட்டலின் முன்னோடி' என்ற முத்திரையைக் குத்தியதும் அந்த மேடை கண்ணுக்குத் தெரியாமல் போகிறது. முன்னோடி என்றால் முழுமையடையாதவர் என்பதே அதன் உட்பொருள். இன்னும் மெட்டலாகாத மெட்டல்! தன்னளவில் நிறைவான ஒரு ஹார்ட் ராக் ஆல்பத்திற்கு இது மரியாதை ஆகாது. தமிழாய்வில் நாட்டார் கதைப்பாடல்களைக் 'காப்பியத்தின் கரு' என்று எழுதியவர்களும் இதே உதவியைத்தான் செய்தார்கள்.

நண்பர்களுள் சிலர் கேரள ராக் இசையின் ஒலிநாடாக்களைச் சேகரித்து எண்மப்படுத்தும் எண்ணத்தில் இருக்கிறார்கள். நாடாக்கள் பூஞ்சை பிடிக்கும் ஊர் இது. விரைந்து செய்யவேண்டிய வேலை. அவர்களிடம் என் வேண்டுகோள் ஒன்றுதான்: 'வகை' என்று ஒற்றைக் கட்டம் போடாதீர்கள். வாசித்தவர்கள் தம் இசையை என்னவென்று சொன்னார்கள், விற்றவர்கள் உறையில் என்ன அச்சிட்டார்கள், பட்டியல் இடுபவர் இன்று என்ன கருதுகிறார் என்று மூன்று கட்டங்கள் இருக்கட்டும். மூன்றாவதில் பட்டியல் இட்டவரின் பெயரும் தேதியும் வேண்டும். 'கிரவுண்ட் ஸீரோ'வில் வாசித்தவர்களிடம் முதல் கட்டத்தை நேரே கேட்டு நிரப்புவதிலிருந்து தொடங்கலாம்.