தண்ணி குடிக்காத அம்மா

போன ஓகஸ்ட் விடுமுறைக்குக் குடும்பமாகத் திருகோணமலை போனோம். யாழ்ப்பாணத்திலிருந்து வவுனியா, ஹொரவப்பொத்தானை வழியாக பஸ் பயணம். இறங்கினதும் கச்சான் காத்து அனலாய் முகத்தில் அடித்தது. கிழக்குக்கு மழை வர ஒக்டோபர் ஆகும். அதுவரை இந்த வெயில்தான்.

தம்பி கோட்டைக்குள் மான்களைக் கண்டு துள்ளினான். அம்மா மர நிழலில் தலையைப் பிடித்தபடி இருந்தா. விடியக் காலமை நிரப்பின தண்ணிப் போத்தல் அப்படியே இருந்தது.

“ஏனம்மா குடிக்கேல்லை?”

“குடிச்சா வழியில எங்கை பிள்ளை போறது?”

பஸ் நின்ற சாப்பாட்டுக் கடையில் கழிப்பறை இருந்தது. கதவுக்குக் கொளுக்கி இல்லை, பைப்பில் தண்ணி இல்லை. அப்பாவும் தம்பியும் பற்றைக்குப் பின்னால் போய்வந்திட்டினம். யோசித்தால், நானும் இரண்டு மிடறுதான் குடித்திருந்தேன். ஆரும் சொல்லித் தரேல்லை. அம்மாவைப் பார்த்துப் பழகினது.

வெயில் எல்லாருக்கும் ஒண்டுதான் எண்டு சொல்லுவினம். இல்லை. வியர்த்துப் போன தண்ணியைத் திரும்பக் குடிக்க ஏலாதவளுக்கு அது தலையிடி, மயக்கம், சிலவேளை சிறுநீர்த் தொற்று.

பயணம் போக முதல் அறை வாடகை கேட்கிறோம், கடற்கரை எவ்வளவு தூரம் எண்டு கேட்கிறோம். வழியில் நல்ல கழிப்பறை எங்கே எண்டு கேட்கிறோமா? அடுத்தமுறை அதைத்தான் முதலில் கேட்பேன். கொளுக்கி இல்லாத கடையில், “இங்கை சாப்பிடமாட்டம்” எண்டு காரணத்தையும் சொல்லிவிட்டு எழும்புவேன். நீங்களும் சொல்லுங்கோ. கடைக்காரருக்குக் கொளுக்கி பெரிய செலவில்லை.