3,590 யூனிட்டுக்கு ரூ.1,000... 3,610-க்கு ஒன்றுமே இல்லையா? ‘ஃபஸி லாஜிக்’ போடும் கணக்கு!

விருதுநகர் மாவட்டத்தில், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்தில் இருக்கும் கைத்தறி ஊர் சுந்தரபாண்டியம். அங்கே அடுத்தடுத்து இரண்டு நெசவாளர் வீடுகள் இருப்பதாகக் கற்பனை செய்துகொள்ளுங்கள். ஒரே அளவு வருமானம், ஒரே மாதிரி வீடு. ஒரு வீட்டில் வருஷத்துக்கு 3,590 யூனிட் கரன்ட் செலவாகிறது. பக்கத்து வீட்டில் 3,610. கலைஞர் மகளிர் உரிமைத் தொகை தொடங்கியபோது அறிவித்த விதிகளைப் போட்டுப் பார்த்தால், முதல் வீட்டுக்கு மாதம் 1,000 ரூபாய் வரும். இரண்டாவது வீட்டு விண்ணப்பம் நிராகரிக்கப்படும்.

வித்தியாசம் 20 யூனிட். 75 வாட் மின்விசிறி தினமும் 10 மணி நேரம் ஓடினால் 27 நாளில் ஆகிற கரன்ட், அவ்வளவுதான். வீட்டில் ஒரு பாட்டி கூடுதலாக இருந்தாலே மீட்டர் இதைத் தாண்டிவிடும்.

2023 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய இந்தத் திட்டத்துக்கு முக்கியமான வரம்புகள் இவை: குடும்ப ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள், நன்செய் 5 ஏக்கர் அல்லது புன்செய் 10 ஏக்கருக்குள், வீட்டு மின்சாரம் ஆண்டுக்கு 3,600 யூனிட்டுக்குக் குறைவாக. ஒரு கோடியே 6 லட்சத்துக்கும் அதிகமான பெண்கள் தேர்வானார்கள். பல லட்சம் பேர் கோட்டுக்கு வெளியே நின்றார்கள். அதில் எத்தனை பேர் ‘ஜஸ்ட் மிஸ்’ என்பதை ‘தகுதி உண்டு / இல்லை’ என்ற இரண்டு பெட்டிகளை வைத்துச் சொல்லவே முடியாது.

இந்தச் சிக்கலுக்குக் கணிதத்தில் 1965-லேயே ஒரு வழி சொல்லப்பட்டுவிட்டது.

‘கொஞ்சம் ஏழை’ என்பதை எப்படி எண்ணாக்குவது?

கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் பேராசிரியராக இருந்த லாட்ஃபி ஸாதே அந்த வருஷம் ‘ஃபஸி செட்ஸ்’ என்ற கட்டுரையை வெளியிட்டார். ஒரு குழுவில் ஒருவர் இருக்கிறார், அல்லது இல்லை என்பதுதான் வழக்கமான கணிதம். 1 அல்லது 0. ஸாதே, நடுவில் எந்த எண்ணும் வரலாம் என்றார். 0.3 அளவுக்கு உள்ளே, 0.8 அளவுக்கு உள்ளே என்று சொல்லலாம். வாஷிங் மெஷினில் ‘ஃபஸி லாஜிக்’ ஸ்டிக்கர் பார்த்திருப்பீர்களே, அதே சரக்குதான். ஜப்பானின் சென்டாய் நகரில் 1987-ல் ஓடத் தொடங்கிய சுரங்க ரயிலில் பிரேக் பிடிப்பதையும் வேகம் எடுப்பதையும் இந்த முறைதான் பார்த்துக்கொண்டது.

எந்த அளவுக்கு எத்தனை மதிப்பெண் என்று சொல்லும் கோட்டுக்குப் பெயர் மெம்பர்ஷிப் ஃபங்ஷன். நம் உதாரணத்துக்கே ஒன்று வரைவோம். 2,400 யூனிட் வரை ‘உதவி தேவை’ மதிப்பு 1. 4,800-ஐத் தொட்டால் 0. நடுவில் சாய்வாக இறங்கும் ஒரு நேர்கோடு. 3,000 யூனிட் வீட்டுக்கு 0.75 வரும். 3,590-க்கு 0.504, 3,610-க்கு 0.496. மீட்டர் காட்டும் எண்ணை இப்படி ‘எந்த அளவுக்கு’ என்று மாற்றும் வேலைக்குத்தான் ஃபஸிஃபிகேஷன் என்று பெயர். கோடு முக்கோணமாக இருக்கலாம், மேல் தட்டையான சரிவகமாகவோ மணி வடிவிலோ இருக்கலாம்.

இங்கே பலரும் குழம்புவார்கள்: 0.5 என்றால் ‘ஏழையாக இருக்க 50% வாய்ப்பு’ என்று அர்த்தம் இல்லை. அந்த வீட்டு நிலைமை நமக்கு முழுசாகத் தெரியும், அந்த நிலைமையே நடுவாந்திரம்தான்.

வருமானத்துக்கும் இதேபோல 2 லட்சத்தில் 1, 3 லட்சத்தில் 0 என்று வைத்தால், 2.4 லட்சம் சம்பாதிக்கும் குடும்பத்துக்கு 0.6. ‘இதுவும் வேண்டும், அதுவும் வேண்டும்’ என்றால் இரண்டில் சின்னதை எடு என்பது ஸாதேயின் விதி. ஆக, 3,610 யூனிட் வீட்டின் மொத்த மதிப்பு 0.496. வறுமையை இப்படி அளப்பது வெறும் கற்பனையும் இல்லை. இத்தாலியின் செரியோலி, ஸானி இருவரும் 1990-லேயே இதற்கு வழி எழுதிவிட்டார்கள்.

சரி, காசு எவ்வளவு தருவீங்க?

496 ரூபாயா? கேட்கச் சிரிப்பாக இருக்கும். ஆனால் சாய்வுக்கோடு நம் அரசுகளுக்குப் புதுசு இல்லை. 2025-26 புதிய வருமான வரி முறையில் 12 லட்சம் வரை வரி கிடையாது. 12 லட்சத்து 10 ஆயிரம் என்றால் ஸ்லாப் கணக்குப்படி 61,500 ரூபாய் கட்ட வேண்டும். ‘மார்ஜினல் ரிலீஃப்’ வந்து அதை 10,000 ஆக்கிவிடுகிறது (செஸ் தனி). பத்தாயிரம் கூடுதலாகச் சம்பாதித்தவர் அதைவிட அதிகமாக இழக்கக் கூடாது என்கிற நியாயம் அது. மாசம் லட்ச ரூபாய் சம்பளக்காரருக்கு சாய்வுப் பாதை, 1,000 ரூபாய் கேட்கும் நெசவாளர் வீட்டுக்குச் செங்குத்துப் பள்ளம். இதுதான் உறுத்துகிறது.

அதுக்காக ஃபஸி லாஜிக் எல்லாவற்றையும் தீர்த்துவிடும் என்றும் சொல்ல முடியாது. 2,400, 4,800 என்பவை இந்தக் கட்டுரைக்காக நாம் வைத்துக்கொண்ட எண்கள். நிஜத்தில் அதை யாரோ ஒரு அதிகாரி முடிவு செய்வார். 3,600 என்ற ஒற்றை எண்ணுக்கு ஒரு நல்ல குணம் உண்டு: கரன்ட் பில்லை எடுத்துப் பார்த்து எவரும் சண்டை போடலாம். 0.496-ஐ வைத்து ஒரு சாதாரணக் குடும்பம் எப்படி வாதாடும்?

அதனால் பணத்தைக் கூறு போடுவதைவிட, யார் வீட்டை நேரில் போய்ப் பார்க்க வேண்டும் என்று முடிவு செய்ய இது உதவும். 2023-ல் நிராகரிக்கப்பட்டவர்கள் 30 நாட்களுக்குள் வருவாய்க் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்யலாம் என்றது அரசு. அந்தக் குவியலில் 0.4 முதல் 0.6 வரை உள்ளவர்களை, அதாவது நம் கோட்டின்படி 3,360 முதல் 3,840 யூனிட் வரை உள்ள வீடுகளை, முதலில் கள ஆய்வுக்கு எடுக்கலாம். ஒரே சிக்கல், கோட்டுக்கு உள்ளே இருக்கும் 3,590 யூனிட் வீடும் அதே வரம்புக்குள்தான் வருகிறது. நியாயமாக நடந்தால் அங்கேயும் ஆய்வுக்குப் போக வேண்டும். அவர்களுக்கு இந்த யோசனை நிச்சயம் பிடிக்காது.