மணி உதிரும் குணத்தை விதை அட்டை சொல்ல வேண்டாமா?

அறுவடை முடிந்த வயலில் ஒரு சதுர அடி இடத்தை அளந்து, அங்கே உதிர்ந்து கிடக்கும் நெல்மணிகளை எண்ணிப் பார்த்ததுண்டா? ஆயிரம் மணி 20 கிராம் எடையுள்ள ரகம் என்று வைத்துக்கொள்வோம். சதுர அடிக்கு 45 மணி கிடந்தால் ஏக்கருக்கு 39 கிலோ. அரசுக் கொள்முதல் நிலையத்துச் சிப்பம் 40 கிலோ. உழுது, நட்டு, உரமிட்டு, களையெடுத்து, கடைசியில் ஏறக்குறைய ஒரு சிப்பம் நெல்லை வயலிலேயே விட்டுவிட்டு வருகிறோம். வாத்து மேய்ப்பவர்களுக்கு மகிழ்ச்சிதான். வாத்துக்கும் எலிக்கும் தப்பிய மணி அடுத்த போகத்தில் கலவனாக முளைக்கும்.

இதற்கு இயந்திரத்தையும் காற்றையும் மழையையும் குறை கூறுகிறோம். அவற்றுக்கும் பங்கு உண்டு. ஆயினும் மணி எவ்வளவு எளிதில் உதிரும் என்பது ரகத்தின் பிறவிக் குணம். மணி காம்போடு சேரும் இடத்தில் மெல்லிய அடுக்கு ஒன்று உருவாகிறது. மணி முற்றியதும் அந்த அடுக்கு விட்டுக்கொடுக்கிறது. காட்டு நெல்லில் இது நன்றாக அமைந்திருப்பதால் கை பட்டாலே மணி கொட்டிவிடும்.

அந்த அடுக்கை அங்கே அமைக்கச் சொல்வது யார்? பயிரின் வேர், இலை, கதிர் எல்லாவற்றிலும் ஒரே மரபணுக்கள்தாம் இருக்கின்றன. எது எங்கே, எப்போது வேலை செய்ய வேண்டும் என்பதைச் சில மரபணுக்கள் முடிவு செய்கின்றன. எந்த மடையை எப்போது திறப்பது என்று நீராணிக்காரர் முடிவு செய்வதில்லையா, அதைப் போல. இவற்றில் ஒரு குடும்பத்துக்கு ஹோமியோபாக்ஸ் மரபணுக்கள் என்று பெயர். 1983-84இல் இவற்றை முதலில் பழ ஈயில் கண்டார்கள். பயிர்களில் முதலாவதாக 1991இல் மக்காச்சோளத்தில் கண்டார்கள். வளரும் குருத்தில் வேலை செய்ய வேண்டிய அந்த மரபணு இடம் தவறி இலையில் வேலை செய்ததால், இலையெங்கும் முடிச்சு முடிச்சாகப் புடைத்திருந்தது!

நெல் உதிர்வதிலும் இக்குடும்பத்து மரபணு ஒன்றுக்குப் பங்கு இருப்பதை 2006இல் ஜப்பானிய விஞ்ஞானிகள் காட்டினார்கள். மணி உதிராத ஜப்பானிய ரகமான நிப்பான்பாரேயில் மரபணு கெட்டுப்போகவில்லை. அதிலிருந்து சுமார் 12,000 எழுத்துத் தொலைவில் ஒரே ஓர் எழுத்து மாறியிருந்தது. அதனால் மணியின் அடியில் மட்டும் மடை திறக்கவில்லை, அடுக்கு அமையவில்லை. நம் இண்டிகா ரகங்களில் பொதுவாக இந்த மாற்றம் கிடையாது. அவை காட்டு நெல்போல் கொட்டாமல் இருப்பதற்கு வேறொரு மரபணுவில் நேர்ந்த மாற்றம் முக்கிய காரணம். என்றாலும் உதிர்வதில் ரகத்துக்கு ரகம் வேறுபாடு இருக்கவே செய்கிறது.

என் குறை இதுதான். சான்று விதையின் அட்டைகளில் ரகப் பெயர், குவியல் எண், முளைப்புத் திறன், சுத்தத் தன்மை எல்லாம் இருக்கின்றன. மணி உதிருமா, உதிராதா என்று ஒரு சொல் இல்லை. இயந்திரம் வர நாள் கணக்கில் காத்திருக்கும் சிறு விவசாயிக்கு, இரண்டு மூட்டை கூடுதல் விளைச்சலைவிட இந்த ஒரு சொல் அதிகம் உதவும். பெரிய பண்ணைக்காரர் நினைத்த நாளில் அறுத்துவிடுவார்.

உதிராத ரகமே வேண்டும் என்று நான் வாதாடவில்லை. கையால் அறுத்துக் களத்தில் அடிப்பவருக்கு இறுகிப் பிடித்த மணி பெரும் தொல்லை. கதிரிலேயே நெல் தங்கிவிடும். அவருக்கு ஓரளவு உதிரும் ரகமே நல்லது. யாருக்கு எது என்று தேர்ந்தெடுக்க முதலில் தெரிய வேண்டும் அல்லவா?

அட்டையில் அச்சாகும் வரை, விதை வாங்கும்போது வேளாண்மை விரிவாக்க மையத்தில் வயது, விளைச்சலோடு இதையும் கேளுங்கள். இரண்டு ரகம் பயிரிட்டிருப்பவர்கள், ஒரே சமயத்தில் முற்றினால், எளிதில் கொட்டும் ரகத்தை முதலில் அறுக்கலாம். கதிரில் 80 சதவிகித மணிகள் மஞ்சளாகும்போது அறுவடைக்கு ஆள் வந்து நிற்கும்படி முன்னதாகவே சொல்லி வைப்பது நல்லது.