பாதியில் நின்ற வீட்டைக் கட்டி முடிக்க விடுங்கள்

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி, 2022-ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் உயிரிழந்தவர்கள் 1,68,491 பேர். அவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் 18 முதல் 45 வயதுக்குள் இருந்தவர்கள். தமிழ்நாட்டில் மட்டும் அந்த ஆண்டு 17,000-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். படிப்பை முடித்தவர்கள், முதல் சம்பளம் வாங்கியவர்கள், வரன் பார்த்துக்கொண்டிருந்த வீட்டுப் பிள்ளைகள் எல்லாரும் இந்தக் கணக்கில் அடக்கம். அந்த வயதில் ஒருவர் போனால், பெரும்பாலும் அவரைப் பெற்றவர்கள் ஐம்பதிலோ அறுபதிலோ உயிரோடு இருப்பார்கள். விபத்தோடு நோயையும் தற்கொலையையும் சேர்த்தால் இந்தப் பெற்றோரின் எண்ணிக்கை இன்னும் பெருகும். ஆனால் அவர்களை எண்ணுவார் இல்லை. காரியம் முடிந்து உறவுக்காரர்கள் பஸ் ஏறிய பிறகு அவர்கள் என்ன செய்கிறார்கள் என்பது வேறு விதத்தில்தான் ஊர் கண்ணில் படுகிறது. அப்பா கடையைத் திறந்தால், 'அதுக்குள்ள கல்லாவுல உக்காந்துட்டாரு' என்பார்கள். அம்மா பள்ளிக்கூட வேலைக்குத் திரும்பினால், 'கல் மனசு' என்பார்கள். நின்றுபோன வீட்டு வேலையை மறுபடி தொடங்கினால், 'யாருக்காகக் கட்டுறாங்களாம்?' என்ற கேள்வி வரும். இந்தப் பேச்சு நிற்க வேண்டும். வேலைக்குத் திரும்புவதும் வீட்டைக் கட்டி முடிப்பதும் துக்கத்துக்குள்ளேயே நடக்கிற காரியங்கள். எப்போது திரும்புவது என்பதை ஊரோ முதலாளியோ வங்கியோ முடிவு செய்வது சரியில்லை. அது இழந்தவர்கள் எடுக்க வேண்டிய முடிவு.

நம் பழைய கதைகள் இந்த விஷயத்தில் நமக்கு அதிகம் உதவவில்லை. தசரதனின் அம்பில் வளர்ந்த மகனை இழந்த பார்வையற்ற தாய் தந்தையர் உடனே உயிரை விடுகிறார்கள். புறநானூற்றுத் தாய், மகன் மார்பில் புண்பட்டுச் செத்தான் என்று கண்டு, அவனைப் பெற்ற நாளைவிடப் பெரிதாக மகிழ்கிறாள். ஒன்று, அப்போதே செத்துவிட வேண்டும். இல்லையென்றால் பெருமையில் பூரிக்க வேண்டும். அடுத்த வாரம் ரேஷன் கடை வரிசையில் நின்று, அதற்கடுத்த வாரம் மகன் பெயரில் இருக்கும் சிம் கார்டை என்ன செய்வது என்று தெரியாமல் விழிக்கும் பெற்றோருக்கு அந்தக் கதைகளில் இடம் இல்லை. அதனால்தானோ என்னவோ, பிள்ளை போன பிறகு எழுந்து நடமாடுகிறவரைப் பார்த்தால் நமக்கு ஒரு நெருடல்.

வீட்டு விஷயத்தையே எடுத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் நடுத்தரக் குடும்பத்தின் வீடு பெரும்பாலும் பிள்ளையின் சம்பளத்தை நம்பித்தான் எழும்புகிறது. கடனில் மகன் பெயரும் அப்பா பெயரும் சேர்ந்திருக்கும். மாடியில் எழுப்பும் அறை அவனுடைய கல்யாணத்தை நினைத்துப் போட்ட கணக்கு. லிண்டல் மட்டம் வந்து, ரூஃப் கான்கிரீட்டுக்கு நாள் குறிக்கும் நேரத்தில் அவன் போய்விடுகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். வேலை நின்றுவிடும். ஒரு மழைக்காலம் போனால் பூசாத செங்கல் சுவரில் பாசி ஏறும். தூண் உச்சியில் நீட்டிக்கொண்டிருக்கும் கம்பி துருப்பிடித்து, அதன் பழுப்பு நீர் தூணில் கோடு கோடாக வழியும். மூன்று மாதம் கிடந்த சிமென்ட் மூட்டை ஓரத்தில் கட்டிதட்டும். கொத்தனார் வேறு வேலை பிடித்துப் போய்விடுவார். அவரிடம் கொடுத்த முன்பணத்தைத் திருப்பிக் கேட்க யாருக்கும் வாய் வராது. இதற்கு நடுவில் வங்கி அதுவரை விடுவித்த தொகைக்கு வட்டி ஓடிக்கொண்டே இருக்கும். சேர்ந்து கடன் வாங்கியவர்களில் ஒருவர் இறந்தால் மற்றவர் பொறுப்பு தீர்ந்துவிடாது; கடனுக்குக் காப்பீடு எடுத்திருந்தால்தான் மூச்சு விடலாம். இருக்கும் வாடகை வீட்டுக்கு வாடகையும் கொடுத்தாக வேண்டும். வேலையை நிறுத்தி வைத்தால் துக்கத்துக்கு மரியாதை என்று சொல்கிறவர்கள் இந்தச் செலவைக் கணக்கில் எடுப்பதே இல்லை.

துக்கம் நடந்த வீட்டில் வருஷம் திரும்பும்வரை புதிதாக எதையும் தொடங்கக் கூடாது என்பது முன்னோர் வகுத்தது, அதை உடைப்பதா என்று கேட்பவர்கள் உண்டு. அந்த ஏற்பாட்டில் அறிவு இருக்கிறது என்பதை நான் மறுக்கவில்லை. பதினாறாம் நாள், மாதத் திதி, வருஷத் திதி என்று படிப்படியாக இறக்கி வைக்கும் முறையில் மனித மனம் பற்றிய நல்ல புரிதல் இருக்கிறது. அடுப்பு எரியாத வீட்டுக்குப் பங்காளி வீட்டிலிருந்து சோறு வருகிறது; தனியாக விடக் கூடாது என்று யாராவது கூடப் படுக்கிறார்கள். இன்றைய மனநல ஆலோசகர்கள் சொல்வதில் பாதி இதுதான். ஆனால் இதே ஊர், பெரியவர் ஒருவர் போன வீட்டில் ஒரு வருஷத்துக்குள் கல்யாணம் முடித்துவிட வேண்டும் என்று அவசரப்படுத்துவதும் உண்டு. தேவைப்பட்டபோது வழக்கத்தை வளைத்துக்கொள்ள நமக்குத் தெரியும். கட்டி முடித்த வீட்டில் கிரகப்பிரவேசத்தை ஆடம்பரமாக நடத்துவதைத் தள்ளி வைக்கலாம். அதில் யாருக்கும் நஷ்டம் இல்லை. தளம் போடுவதையும் சுவர் பூசுவதையும் நல்ல காரியக் கணக்கில் சேர்த்துத் தடுப்பதற்கு என்ன நியாயம்? கூட இருப்பதற்காக வந்த வழக்கம், கையைக் கட்டிப்போடுவதற்கான வழக்கமாக மாறிவிட்டது.

ஆய்வுகளும் வேலைக்குத் திரும்புவதன் பக்கமே நிற்கின்றன. மார்கரெட் ஸ்ட்ரோபே, ஹெங்க் ஷுட் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1999-இல் ஒரு கருத்தை முன்வைத்தார்கள். துக்கத்தில் இருப்பவர் இழப்பை நினைத்து உருகுவதும், பிறகு பில் கட்டுவது, சமைப்பது, புது வேலையைக் கற்றுக்கொள்வது என்று வாழ்க்கையின் பக்கம் திரும்புவதும், மறுபடி இழப்பிடம் போவதுமாக இங்கும் அங்கும் ஊசலாடுவார். அந்த ஊசலாட்டமே ஆரோக்கியமானது என்றார்கள். 2008-இல் வெளியான இன்னோர் ஆய்வு, அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் பிள்ளையை இழந்த 428 பெற்றோரை இழக்காதவர்களோடு ஒப்பிட்டது. சராசரியாகப் பதினெட்டு ஆண்டுகள் கழிந்த பிறகும், இழந்தவர்களிடம் மனச்சோர்வும் உடல்நலக் குறைவும் மண முறிவும் அதிகமாகவே இருந்தன. துக்கத்திலிருந்து ஓரளவு மீண்டவர்களுக்குப் பொதுவாக இருந்தவை இரண்டு: வேறு பிள்ளைகள் இருந்தது ஒன்று, வாழ்வதற்கு ஒரு நோக்கம் இருக்கிறது என்ற உணர்வு இன்னொன்று. எத்தனை ஆண்டு ஆயிற்று என்பதற்கும் மீட்சிக்கும் தொடர்பு தெரியவில்லை. 'நாள் ஆக ஆக ஆறிடும்' என்ற நம் வழக்கமான ஆறுதலை இந்த ஒரு முடிவே கொஞ்சம் அசைத்துப் பார்க்கிறது. நோக்கம் இருந்ததால் மீண்டார்களா, மீண்டதால் நோக்கம் தெரிந்ததா என்று அந்த ஆய்வு அறுதியிட்டுச் சொல்ல முடியாது என்பதையும் சொல்லியாக வேண்டும். என்றாலும் சும்மா உட்கார வைத்தால் நோக்கம் தானாக முளைக்கும் என்று சொல்ல எந்த ஆதாரமும் இல்லை.

வேலையில் மூழ்குவது தப்பி ஓடுவதாகவும் இருக்கலாமே என்ற கேள்வி வலுவானது. உண்மைதான். விடிந்ததும் கிளம்பி இரவு பத்துக்குத் திரும்பும் அப்பா, மகன் பெயரைச் சொன்னாலே எழுந்து போய்விடுகிறார் என்றால், அங்கே ஊசல் ஒரே பக்கத்தில் சிக்கியிருக்கிறது. எந்நேரமும் அறையைப் பூட்டிக்கொண்டு அவன் சட்டையை மடியில் வைத்திருக்கும் அம்மாவுக்கு மறுபக்கத்தில் சிக்கியிருக்கிறது. ஒரு வருஷத்துக்குப் பிறகும் அன்றாட வாழ்க்கை முடங்கியே கிடந்தால் அதை மருத்துவ உதவி தேவைப்படும் நீடித்த துக்கம் என்று அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேடு 2022-இல் வகைப்படுத்தியது. உலக சுகாதார நிறுவனத்தின் பட்டியல் ஆறு மாதத்தையே அளவாக வைக்கிறது. அந்த நிலைக்கு 14416 என்ற டெலி மனஸ் மனநல உதவி எண் இருக்கிறது, அரசு மருத்துவமனை மனநலப் பிரிவு இருக்கிறது. ஆனால் பெரும்பாலான வீடுகளில் சிக்கல் வேறு மாதிரி. வெளியே போக ஆணுக்கு ஒரு காரணம் கிடைத்துவிடுகிறது, பெண்ணுக்குக் கிடைப்பதில்லை. அவள் வேலை நடக்கும் இடமே அவன் சாப்பிட்ட தட்டு இருக்கும் அடுப்படி. துக்கம் கேட்க வருகிறவர்களுக்கு ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து கதை சொல்ல வேண்டியதும் அவள்தான். பிறகு அவர் ஓடுகிறார் என்று அவளும், அவள் அதிலேயே கிடக்கிறாள் என்று அவரும் குறைபட்டுக்கொள்வார்கள். நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்கள் சிலருக்கு அந்த வேலையிடம் கூலிக்கு மேலே இன்னொன்றையும் தருகிறது: தன்னைப் போலவே இழந்த இன்னொருத்தி பக்கத்தில் மண் அள்ளிக்கொண்டிருப்பாள்.

இனிப் பணத்துக்கு வருவோம். இதைப் பேசத்தான் எல்லாரும் கூசுகிறோம். விபத்து இழப்பீடோ காப்பீட்டுத் தொகையோ வந்தால், 'பிள்ளையோட உயிருக்கு வந்த காசு' என்று பெற்றோர் தொட மறுப்பதைப் பார்க்கலாம். அதை வைத்து வீட்டை முடித்தால் அவன் இரத்தத்தில் கட்டின வீடு என்று யாராவது சொல்லிவிடுவார்களோ என்ற பயம். சட்டம் இந்தத் தொகையை எப்படிப் பார்க்கிறது என்று தெரிந்தால் இந்தக் கூச்சம் ஓரளவு குறையும். 2009-இல் சர்லா வர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த முறைப்படி, மணமாகாத மகனின் வருமானத்தில் பொதுவாகப் பாதியை அவன் சொந்தச் செலவுக்கு என்று கழித்துவிட்டு, மீதியைக் குடும்பத்துக்கு வந்திருக்கக்கூடியதாகக் கணக்கிடுகிறார்கள். அவன் இருந்திருந்தால் மாதாமாதம் வீட்டுக் கடனுக்குக் கொடுத்திருக்கக்கூடிய பணம்தான் அது. உயிருக்கு விலை போட்டதாக நினைக்க அதில் ஒன்றும் இல்லை. 2018-இல் மேக்மா காப்பீட்டு நிறுவன வழக்கில், பிள்ளையின் அன்பையும் துணையையும் இழந்ததற்காகப் பெற்றோருக்குத் தனியாக ஒரு தொகை உண்டு என்றும் அதே நீதிமன்றம் சொன்னது. இதற்கு மறுபக்கமும் உண்டு. எதிர்ப் பேச்சு இல்லை என்று தெரிந்தால், முதல் மூன்று மாதத்துக்குள் 'அந்த வீட்டை வித்துட்டு எங்க பக்கத்துல வந்துருங்க' என்று சொல்லும் உறவினர் தவறாமல் கிளம்புவார்கள். பாதியில் நிற்கும் வீட்டை அடிமாட்டு விலைக்குக் கேட்க ஆள் தயாராக இருக்கும். வீட்டை முடிப்பது தாமதமானாலும் சரிசெய்துகொள்ளலாம். விற்றால் விற்றதுதான். எனவே முதல் வருஷத்தில் தள்ளிப்போட வேண்டியது ஏதாவது இருக்கிறது என்றால் அது கிரயப் பத்திரம்.

கூலி வேலை செய்கிறவர்களுக்கு இந்த வாதமெல்லாம் எதற்கு, பதினேழாம் நாளே அவர்கள் வேலைக்குப் போய்த்தானே ஆக வேண்டும் என்று ஒருவர் சொன்னால், அதைவிடச் சரியான மறுப்பு எனக்குத் தெரியவில்லை. பல வீடுகளில் பதினேழாம் நாள்கூட ஆவதில்லை. வேலை மருந்து என்ற பேச்சை ஒரு முதலாளி தனக்குச் சாதகமாகத் திருப்பிக்கொள்வதும் எளிது. அதனால்தான் திரும்பும் உரிமையைப் பேசும் அதே மூச்சில் திரும்பாமல் இருக்கும் உரிமையையும் பேச வேண்டியிருக்கிறது. தனியார் ஊழியர்கள் எல்லாருக்கும் பொருந்தும் துக்க விடுப்புச் சட்டம் இந்தியாவில் இல்லை. தற்செயல் விடுப்பில் மிச்சம் இருந்தால் உண்டு, இல்லையென்றால் சம்பளப் பிடித்தம். பிரிட்டனில் 2018-இல் சட்டம் இயற்றி, 2020 ஏப்ரல் முதல் பிள்ளையை இழந்த பெற்றோருக்கு இரண்டு வார விடுப்பு கொடுக்கிறார்கள். அதில் ஒரு பெரிய ஓட்டை: பிள்ளை 18 வயதுக்கு உட்பட்டிருக்க வேண்டும். இருபத்தைந்து வயது மகளை இழந்தவருக்கு அந்தச் சட்டத்தில் இடமில்லை. பிள்ளை வளர்ந்துவிட்டால் பெற்றவர் துக்கமும் சுருங்கிவிடும் என்று யார் கணக்குப் போட்டார்களோ. ஆனால் அதே சட்டத்தில் ஒரு நல்ல விதி இருக்கிறது. அந்த இரண்டு வாரத்தை ஒரே மூச்சில் எடுத்தாக வேண்டியதில்லை. தனித்தனி வாரமாகப் பிரித்து, இறப்பு நாளிலிருந்து 56 வாரங்களுக்குள் எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம். அந்தக் கணக்கில் முதல் வருஷத் திதி அடங்கிவிடுகிறது.

இங்கே ஒரு விதி எழுதுவதானால் வயது வரம்பை விட்டுவிட்டு, பிரித்து எடுக்கும் வசதியை எடுத்துக்கொள்ளலாம். வாரமாக இல்லாமல் நாளாகவே பிரிக்க விடலாம். நம் ஊரில் அது இன்னும் அதிகம் தேவை. வாரிசுச் சான்றிதழுக்குத் தாலுகா அலுவலகம், மகன் கணக்கை முடிக்க வங்கி, விபத்து வழக்குக்கு நீதிமன்றம் என்று அந்த ஒரு வருஷத்தில் பெற்றோர் வேலையை விட்டுவிட்டு அலையும் நாட்கள் எத்தனையோ. விசாரணை நாளில் கூண்டில் ஏறி மகன் எவ்வளவு சம்பாதித்தான் என்று சாட்சி சொல்லிவிட்டு, மத்தியானம் ஷிஃப்டுக்கு வா என்று எதிர்பார்ப்பது நியாயமாகப் படவில்லை. கூலிக்காரருக்கு விடுப்பு என்ற பேச்சே பொருந்தாது. அவர்களுக்கு நலவாரியங்கள் வழியே அந்த நாட்களுக்கான கூலியைக் கொடுப்பதுதான் வழி. வங்கிகள் தங்கள் பங்குக்கு, சேர்ந்து கடன் வாங்கியவரில் ஒருவர் இறந்தால் சில மாதத் தவணையைக் கேட்காமலே தள்ளி வைக்கலாம். சட்டத் திருத்தம் சட்டமன்றம் வரை போக வேண்டும், நாளாகும். பத்துப் பேர் வேலை பார்க்கும் ஒரு ஜவுளிக்கடைக்கோ ஒரு பள்ளி நிர்வாகத்துக்கோ அவ்வளவு காத்திருக்கத் தேவையில்லை. விடுப்பு விதிகளில் ஒரு வரி சேர்த்தால் போதும். அதை இந்த மாதமே சேர்க்கலாம்.