ரீசேல் வேல்யூ, ரீசேல் வேல்யூ!

கொஞ்சம் நீளமான பதிவு. டீச்சர் ஆரம்பித்தால் மணி அடித்தாலும் நிறுத்தமாட்டார் என்பது உங்களுக்குத் தெரியாததா.

என் தம்பி மகன் ஒரு பழைய கார் பார்த்து வைத்திருந்தான். ஃபோர்டு ஈகோஸ்போர்ட், 2019 மாடல், ஒரே ஓனர், அதிகம் ஓடாத வண்டி. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் படத்தைப் போட்டான். அவ்வளவுதான். "ஓடிப்போன கம்பெனி வண்டி", "நாளைக்கு விக்கப் போனா நாய்கூட சீண்டாது", "ரீசேல் வேல்யூ பூஜ்யம்". சென்னையிலிருந்து, திருப்பூரிலிருந்து, துபாயிலிருந்தெல்லாம் தீர்ப்பு வந்துவிட்டது. பிரேக் எப்படி, கிளட்ச் எப்படி என்று ஒருத்தர் கேட்கவில்லை. பையன் பயந்துபோய் அட்வான்ஸ் கொடுக்காமல் நிற்கிறான்.

நான் கேட்கிறேன். விலை இறங்கியதில் நஷ்டம் யாருக்கு? புதிதாக வாங்கி இன்று விற்கிறாரே, அவருக்கு. அதை அவர் பட்டு முடித்தாயிற்று. மலிவாக வாங்குகிறவனுக்கு அது லாபம்தானே? ஏலக்காய் வியாபாரத்தில் பிழைக்கிற ஊரில் பிறந்தவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியிருக்கிறது! 2019 ஆகஸ்டில் புற்றடி ஏலத்தில் காய் கிலோ 7000 ரூபாயைத் தொட்டது. அடுத்த இரண்டு மூன்று வருடத்தில் ஆயிரத்துக்கும் கீழே வந்தது. காயின் மணம் குறைந்துவிட்டதா? அதே செடி, அதே காய், அதே மணம். ஆயிரத்துக்கு வாங்கி இருப்பு வைத்தவரை அன்று கேலி பேசினோம். இன்று அவர் வீட்டுக் கல்யாணத்துக்கு முதல் பந்தியில் உட்காருகிறோம்.

புதுக் கார் வாங்குகிறவர்களுக்கும் ஒரு கணக்கு, கரும்பலகையில் போடுகிற மாதிரி. இரண்டு கார், இரண்டும் 6 லட்சம் என்று வையுங்கள். பத்து வருடம் ஓட்டி, "நல்ல ரீசேல்" உள்ளதை 2 லட்சத்துக்கும் மற்றதை 1 லட்சத்துக்கும் விற்கிறீர்கள். வித்தியாசம் 1 லட்சம். 120 மாதத்தால் வகுத்தால் மாதம் 833 ரூபாய் சொச்சம். இதற்காகவா பிடிக்காத வண்டியை, வீட்டில் ஆறு பேர் இருக்க நாலு பேர் மட்டும் உட்காருகிற வண்டியை வாங்கிவிட்டுப் பத்து வருடம் புலம்புவது?

அந்த 2 லட்சமாவது நிச்சயமா? 2025 செப்டம்பர் 22-ல் சிறிய கார்களுக்கு ஜிஎஸ்டியை 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைத்தார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் புது வண்டி விலை இறங்கியதும் பழைய வண்டி விலையும் சேர்ந்து இறங்கியது. ரீசேல் பார்த்துப் பார்த்து முந்தின மாதம் வாங்கியவர் என்ன பாவம் செய்தார்?

இனி எனக்குக் கோபம் வந்த இடத்துக்கு வருகிறேன். அந்த ஈகோஸ்போர்ட் மறைமலைநகரில் செய்த வண்டி. என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்து, பாலிடெக்னிக் முடித்து, அந்த ஆலையில் வேலைக்குச் சேர்ந்த பையன் ஒருவன் இருக்கிறான். முதல் தீபாவளி விடுமுறையில் ஸ்வீட் பாக்ஸோடு வந்து, ரோட்டில் போன வண்டியைக் காட்டி "இது நாங்க செஞ்சது டீச்சர்" என்றான். 2021 செப்டம்பர் 9-ல் கம்பெனி உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. 2022 மே, ஜூனில் நல்ல இழப்பீடு கேட்டுத் தொழிலாளர்கள் போராடினார்கள். அந்த ஜூலையில் கடைசி வண்டி வெளியே வந்தது. அவன் இப்போது ஒரகடம் பக்கம், பாதிச் சம்பளத்துக்கு. நீங்கள் "ஓடிப்போன கம்பெனி" என்று சிரித்தீர்களே, ஓடிப்போனது அவனா?

கம்பெனிமேல் தப்பில்லை என்று சொல்ல வரவில்லை. சென்னையிலும் சாணந்திலுமாக வருடத்துக்கு 4 லட்சத்துக்கு மேல் வண்டி செய்கிற அளவுக்கு ஆலை கட்டிவிட்டு, அதில் ஐந்தில் ஒரு பங்குதான் ஓட்டினார்கள். புது மாடல்களை நேரத்தில் கொண்டுவரவில்லை. பத்து வருடத்தில் 200 கோடி டாலருக்கு மேல் நஷ்டம் என்று அவர்களே சொன்னார்கள். ஆனால் "எல்லோரும் வாங்குவதையே வாங்கு, அப்போதுதான் திரும்ப விற்கலாம்" என்கிற நம் பயமும் அதில் கொஞ்சம் சேர்ந்திருக்கிறது. நான்கு பேர் வாங்கவில்லை என்று ஐந்தாமவர் வாங்கவில்லை. யாருமே வாங்காததால் கம்பெனி போனது. போனதும், "பார்த்தீர்களா, அப்போதே சொன்னேன்" என்கிறோம்! 2025 அக்டோபரில் மறுபடி ஒப்பந்தம் போட்டிருக்கிறார்கள், 3250 கோடியில். காருக்கு அல்ல, இன்ஜினுக்கு. அதுவும் 2029-லிருந்து.

வண்டியை மதிக்கத் தெரிந்தவர்கள் நம் ஊரிலேயே இருக்கிறார்கள். விடியற்காலையில் தோட்ட வேலைக்கு ஆள் ஏற்றிக்கொண்டு பூப்பாறை, சாந்தன்பாறைக்கு ஏறுகிற ஜீப்புகளைப் பாருங்கள். அந்த மாடல்களில் பலதைக் கம்பெனி நிறுத்தி எத்தனையோ வருடமாகிறது. ஆனாலும் நல்ல நிலையில் இருக்கும் ஜீப்புக்குப் போட்டி போட்டு விலை வைக்கிறார்கள். ஏன்? போடியில் அதன் ஒவ்வொரு போல்ட்டும் தெரிந்த மெக்கானிக் இருக்கிறார், சாமான் கிடைக்கிறது. வாங்க வருகிற டிரைவர் வண்டிக்கு அடியில் படுத்துச் சேசிஸைத் தட்டிப் பார்க்கிறார். இணையத்தில் ரீசேல் பார்ப்பதில்லை. குரங்கணிப் பக்கம் வேலை பார்த்த காலத்தில் பஸ்ஸை விட்டுவிட்டால் முந்தலில் நின்று அந்த மாதிரி ஜீப்பில்தான் நான் பள்ளிக்கூடம் போனேன். ஒரு நாளும் வழியில் இறக்கிவிட்டதில்லை. (மழையில் நனைந்தது வேறு கணக்கு.)

நியாயமான கேள்வி ஒன்றுதான்: உதிரிபாகம் கிடைக்குமா? சர்வீஸும் சாமானும் தொடரும் என்று கம்பெனி சொல்லியிருக்கிறது. அதை மட்டும் நம்பாமல் நம் மெக்கானிக்கிடமும் கேட்டேன். அவனும் என் மாணவன்தான், ஏழாம் வாய்ப்பாடு இன்னும் தடுமாறும். "இன்ஜினைக் குறை சொல்ல முடியாது டீச்சர். பிரேக் பேடு, ஃபில்டர் எல்லாம் கிடைக்கும. பம்பர், விளக்கு மாதிரி அடிபட்டா ஆர்டர் போட்டுக் காத்திருக்கணும்" என்றான். இந்தப் பதிலுக்காக விலையில் இன்னும் கொஞ்சம் குறைக்கச் சொல்லலாம். வாங்காதே என்று சொல்ல முடியாது.

ஞாயிற்றுக்கிழமை அவனையும் கூட்டிக்கொண்டு, ஓனர் சம்மதத்தோடு போடிமெட்டுக்கு ஏறி இறங்கப் போகிறோம். பதினேழு கொண்டை ஊசி வளைவு. பின் சீட்டில் நானும் இருப்பேன். மேலே போய் டீ குடித்துவிட்டு அதே குடும்பக் குழுவில் படம் போடுகிறேன்.